சதுப்பு நிலத்தில் நாலாவது மாடி

திருத்துறைப்பூண்டி பக்கம் மூன்று ஏக்கரில் நாற்பது வருடம் நெல் விளைவித்தவர். மனைவி போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, போன ஆவணியில் சென்னை பெரும்பாக்கத்துக்கு மகன் வீட்டோடு வந்துவிட்டார். நாலாவது மாடி. கீழே இறங்கினால் காவலாளி, "எங்க பெரியவரே?" என்பார். சொல்வதற்குப் பதில் இருக்காது.

ஒருநாள் விடிகாலையில் பால் வாங்கப் போனவர், சோழிங்கநல்லூர் சாலையில் அப்படியே நடந்துவிட்டார். ரோட்டோரம் தண்ணீர், சம்பு, கோரை. நடுவில் நத்தை குத்தி நாரை நின்றது. பக்கத்தில் நீலத் தாழைக்கோழி. ஊரில் நட்ட பயிரை ஒடித்துப் போடுகிறதென்று அவர் தகரம் தட்டி விரட்டிய அதே கோழி! இங்கே அதைப் படம் எடுக்க ஆட்கள் பெரிய கேமராவோடு காத்திருந்தார்கள். பால் இல்லாமலே வீடு திரும்பினார்.

மறுநாளிலிருந்து பேத்தியும் கூடப் போனாள்.

அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. மகன் இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நம்ம வீடு எதுமேலப்பா இருக்கு?" மகன் பதில் சொல்லவில்லை. பாதிக் கடன் இன்னும் பாக்கி.

ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. கார் நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லோரும் மோட்டாருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார். பின்பக்கச் சுவரோரம் வடிகால் வாயை உடைந்த டைல்ஸும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருந்தன. மண்வெட்டி எந்த வீட்டிலும் இல்லை. காவலாளியின் கடப்பாரையால் இருவருமாகக் கிளறிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கணுக்கால் அளவுக்கு வடிந்தது. அதற்குமேல் வடியவில்லை, வெளியே சதுப்பிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அதை எந்தக் கடப்பாரையால் கிளறுவது?

அன்று இரவு குத்தகைக்காரர் போன் செய்தார். "இங்கயும் நல்ல மழைங்க ஐயா, சம்பா நாற்று முங்கிக் கிடக்கு."

"வடக்கு வடிகால்ல ஆகாயத்தாமரை அள்ளினியா?"

"நாளைக்கு அள்ளிடறேங்க."

"நாளைக்கு வேணாம்பா. டார்ச் எடுத்துக்கிட்டு இப்பவே போ. நான் லைன்லயே இருக்கேன்."