நாங்களும் மிஸ்ஸியம்மாவும்

நான் எழுத்தாளன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தந்தையார் பணியிலிருந்தபோதே காலமானதால் இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பெற்று, ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து சேர்ந்தவன். நாள்தோறும் நான் எழுதுவதெல்லாம் பதிவேட்டில் எண்களே. ஆயினும், நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பழைய படங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது இளைஞர் ஒருவர், "அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது? புருஷனும் பெண்டாட்டியும் ஓயாமல் சண்டை போடுவார்கள், கடைசியில் கூடிக்கொள்வார்கள், அவ்வளவுதானே!" என்றார். அவருக்கு விடை சொல்ல அன்று என் நா எழவில்லை. அந்த விடையை இங்கே எழுதத் துணிந்தேன். இதில் என் சொந்தக் கதையும் சிறிது கலந்திருக்கும், அன்பர்கள் பொறுத்தருள்க.

பெங்களூரில் வேலை கிடைப்பது ஒரு பாடு என்றால், வீடு கிடைப்பது பெரும்பாடு. வெளியூரிலிருந்து வந்த நம்மில் இதை அறியாதவர் யார்? 2017ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஸ்ரீராமபுரத்தில் மாடியிலே இரண்டு சிறிய அறைகள் கொண்ட ஒரு வீடு காலியாக இருந்தது. ஆவணியில் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் கன்னடத்துக்காரர்; தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் கேட்ட முதற்கேள்வி வாடகையைப் பற்றியதன்று. "கல்யாணம் ஆயிற்றா? தனி ஆளுக்கு நாங்கள் வீடு கொடுப்பதில்லை" என்றார். "ஆயிற்று அம்மா. ஒரு வருஷமாகிறது. மனைவி ஊரில் இருக்கிறாள், ஆவணியில் வந்துவிடுவாள்" என்று என் வாய் தானாகவே சொல்லிற்று. அதில் ஒரு பாதி மெய். மறு பாதி பொய். அட்வான்ஸைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

திருமணமான ஒன்பதாம் நாள் மனைவியை அழைத்துக்கொண்டு இரயிலேறினேன். பங்காருப்பேட்டை தாண்டிய பிறகே தைரியம் பிறந்து, வீட்டுக்கார அம்மாளிடம் சொன்ன பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று மாலையே சோதனை வந்தது. வீட்டுக்கார அம்மாள் மாடிக்கு வந்தார். புது மஞ்சள் மணம் மாறாத தாலிக்கயிற்றை உற்றுப் பார்த்து, "ஒரு வருஷம் ஆயிற்று என்றாரே, கயிறு புதிதாக இருக்கிறதே?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. என் மனைவியோ ஒரு நொடியும் தயங்காமல், "எங்கள் பக்கத்தில் ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கயிறு மாற்றிக்கொள்வோம் அம்மா. மாற்றிச் சில நாள்தானே ஆகிறது!" என்றாள். சொன்ன வழக்கம் முற்றும் மெய்யானது. அந்த அம்மாளும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "என்னங்க, உங்களுக்காக இந்த ஒரு பொய் சொல்லிவிட்டேன். இனிமேல் என்னைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். என்னிடமும் பொய் சொல்லாதீர்கள்" என்றாள். நான் உடனே சம்மதித்தேன். மணமான ஒன்பதாம் நாளில் எந்தக் கணவன்தான் சம்மதிக்கமாட்டான்!

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பேசியில் 'மிஸ்ஸியம்மா' படத்தை இருவரும் பார்த்தோம். 1955ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி விஜயா நிறுவனத்தார் வெளியிட்ட படம். இயக்கியவர் எல். வி. பிரசாத். வங்காள நாடகம் ஒன்றைத் தழுவிய கதை. தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிகளிலும் ஒருசேர எடுக்கப்பட்டது. தெலுங்கில் என். டி. ராமராவ் ஏற்ற வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். நாயகியாக முதலில் அமர்த்தப்பட்ட பானுமதி விலக நேர்ந்ததால், சாவித்திரிக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது.

கதையை நம்மில் பலர் அறிவர். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். பட்டதாரிகளான கணவன் மனைவியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. வேலையற்ற பாலு இந்து. வேலையற்ற மேரி கிறிஸ்தவப் பெண். மேரியின் வீட்டுக்கோ கடன். கடன் கொடுத்தவனோ அதைக் காட்டி அவளை மணக்கப் பார்க்கிறான். ஆகவே வயிற்றுப்பாட்டுக்காகவும் கடனுக்காகவும் இருவரும் கணவன் மனைவியென்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறார்கள். ஊரார் முன் தம்பதியர். உள்ளே போனால் கீரியும் பாம்பும். ரங்காராவ் ஏற்ற ஜமீன்தார் அவர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல நடத்த நடத்த, பொய்யின் பாரம் ஏறிக்கொண்டே போகிறது. பாலு ஜமீன்தார் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைக் கண்டு மேரிக்கு மனம் பொறுக்கவில்லை. பொய் மனைவிக்கு மெய்யான பொறாமை! அவ்விடத்தில் சாவித்திரியின் முகத்தைப் பார்க்கவேண்டும். வசனமே வேண்டியதில்லை.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் கதையைத் திருப்பிப் போட்டாற்போல இருந்தது. மணமாகாத அவர்கள் மணமானவர்களாக நடித்தார்கள். ஒன்பது நாள் தம்பதியராகிய நாங்கள் ஓராண்டுத் தம்பதியராக நடித்தோம். திரைக்குப் பின்னே இன்னொரு விந்தையும் உண்டு. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் 1952ஆம் ஆண்டிலேயே மணம் செய்துகொண்டு அதை வெளியே சொல்லாமல் இருந்தவர்கள். திரையில் பொய்த் தம்பதி; வாழ்வில் மறைத்து வைத்த தம்பதி! பிற்காலத்தில் அவ்வாழ்வு கசந்ததையும் நாம் அறிவோம். மறைத்தல் இனிமையாகத் தொடங்கலாம். இனிமையாக முடிவது அரிது.

நிற்க. நான் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவேண்டும். மறு ஆண்டு என் தங்கையின் திருமணத்துக்காக 2,00,000 ரூபாய் கடன் வாங்கினேன். மாதந்தோறும் சம்பளத்தில் 5,500 ரூபாய் பிடித்தம். மனைவியிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டாள். ஆனாலும் சொல்லவில்லை. அவள் பட்டதாரி, நான் பத்தாம் வகுப்பு. கடன்காரனாக அவள் முன் நிற்பது தாழ்வு என்று தோன்றிற்று. சம்பளம் குறைந்ததேன் என்று கேட்டபோது, "ஏதோ வரிப் பிடித்தம்" என்று சொல்லிவைத்தேன். வணிகவியல் படித்தவளிடம் இதைச் சொன்ன என் மதியை என்னென்பது!

ஏழு மாதங்கள் கழித்து, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கடன் ரசீது அவள் கையில் கிடைத்தது. சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ரசீதை மடித்து, சுவாமி படத்தடியில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாள். அன்றுமுதல் வீட்டில் பேச்சு நின்றது. "சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது", "பால்காரர் வந்து போனார்" என்ற செய்திகள் மட்டும் உண்டு. நான் நிலையத்தில் அறிவிப்புக் கேட்டுப் பழகியவன். வீட்டிலும் அறிவிப்பே மிஞ்சிற்று. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வந்து படியேறும்போது, இந்த வீட்டைப் பெறுவதற்காகக் கணவனாக நடித்தவன், வீடு கிடைத்த பிறகும் நடித்துக்கொண்டிருக்கிறேனே என்று நெஞ்சு வலிக்கும். நாற்பது நாள் இப்படிச் சென்றது. பொங்கலுக்குத் தாய்வீடு போனவள் திரும்பி வரவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று நான் மறுபடியும் ஒரு பொய் சொன்னேன்.

தை முடியும் தறுவாயில் மாமனார் வீட்டுக்குப் போனேன். என்ன நடந்தது என்று மாமனார் கேட்கவில்லை. "வாங்க மாப்பிள்ளை" என்று பாயை விரித்தார். தொலைக்காட்சியில் 'கல்யாணப்பரிசு' ஓடிக்கொண்டிருந்தது. 1959ஆம் ஆண்டு வந்த படம். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கியது. நெஞ்சை உருக்கும் சோகக் கதைதான். ஆனால் அதற்குள் தங்கவேலுவும் சரோஜாவும் வரும் நகைச்சுவைப் பகுதி தனியொரு படமாகவே நிற்கும். வேலையற்ற கணவன், தான் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதாக மனைவியிடமும் மாமனாரிடமும் புளுகுகிறான். எழுத்தாளர் பைரவன் என்பவரும் தானே என்று சொல்லிக்கொள்கிறான். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய். தம்பதியராக நடித்த அவ்விருவரும் வாழ்விலும் தம்பதியரானவர்கள்.

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தையே திரையில் காண்பதுபோல இருந்தது. அப்போது, வாயிற்படியில் சாய்ந்து நின்ற என் மனைவியும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சிரித்தவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, உங்கள் மாப்பிள்ளைக்கும் அந்தக் கம்பெனியிலேதான் உத்தியோகம்" என்றாள்.

நாற்பது நாள்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதற் சொற்கள் அவை. நான் மறைக்கவில்லை, மாமனார் முன்னிலையிலேயே கடன் விவரம் முழுவதையும் சொன்னேன். அவர் எழுந்து, "கடைக்குப் போய் வருகிறேன்" என்று வெளியே போய்விட்டார். பெரியவர்!

அன்று இரவு மொட்டைமாடியில் நாங்கள் இரண்டு மணி நேரம் சண்டையிட்டோம். எங்கள் மணவாழ்வின் முதற்சண்டை அதுவே. "கடன் வாங்கியது தப்பில்லை. என்னிடம் சொன்னால் நான் குறைத்து நினைப்பேன் என்று எண்ணினீர்களே, அதுதான் தப்பு. என்னை என்னவென்று நினைத்தீர்கள்?" என்று கேட்டாள். நானும், "நீ அன்றைக்கே கேட்டிருக்கலாமே! பேசாமல் இருந்து கொன்றாயே!" என்று குரலை உயர்த்தினேன். 'மிஸ்ஸியம்மா'வில் அவ்விருவரும் நிலவை அழைத்து ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிப் பாடும் காட்சி உண்டு. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்நிலவு பாலாய்ப் பொழியும். எங்கள் மாடியில் நிலவும் இல்லை, பாட்டும் இல்லை, கொசுக்கடிதான் இருந்தது. ஆனாலும் மனத்தின் பாரம் இறங்கிற்று. இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்தே பெங்களூர் வந்தோம்.

இந்தக் கதையை, எனக்குப் பழக்கமான ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற கார்டு. அவர் சிரித்துவிட்டு, 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' என்ற ஆங்கிலப் படத்தைத் தம் கைப்பேசியில் காட்டினார். ஃபிராங்க் காப்ரா இயக்கி 1934ஆம் ஆண்டு வந்தது. ஐந்து ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அமெரிக்காவில் வேலையின்மை தலைவிரித்தாடிய காலம். வேலை இழந்த பத்திரிகை நிருபன் ஒருவனும், தந்தையிடமிருந்து தப்பியோடும் செல்வச் சீமான் மகளும் பேருந்தில் சந்திக்கிறார்கள். கையில் காசு குறைவு. வழித்தங்கல் விடுதியில் கணவன் மனைவியென்று சொல்லி ஓர் அறையை எடுத்து, நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். அவளைத் தேடித் துப்பறிவோர் அறைக்குள் வந்ததும், இருவரும் சட்டென்று உரக்கச் சண்டை போடத் தொடங்குகிறார்கள். வந்தவர்கள், 'இவர்கள் உண்மையான தம்பதியர்தாம்' என்று நம்பிப் போய்விடுகிறார்கள்!

அந்த இடத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. கடல்களுக்கு அப்பால் ஒரு படம், இங்கே சென்னையில் ஒரு படம். இடையிலே இருபத்தோர் ஆண்டுகள். இரண்டிலும் வறுமை இருவரை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவருகிறது. சண்டை அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்கிறது. நம்மில் பெரும்பாலோர் திருமணமும் அந்த வரிசையில்தானே நடக்கிறது? முதலில் வீடு, பிறகு அறிமுகம், அதன் பிறகே அன்பு. சண்டையிடுகிறவர்கள் ஒருவரையொருவர் பொருட்படுத்துகிறார்கள். எதிராளியின் சொல்லுக்கு விடை தேடுகிறார்கள். எங்கள் வீட்டை ஏறத்தாழ அழித்தது சண்டையன்று, சண்டையின்மையே.

இப்படங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மேரி உண்மையில் ஜமீன்தாரின் காணாமற்போன மகளே என்று காட்டி, மதம் வேறான இருவர் மணக்கலாமா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் படம் நழுவிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் தழுவி 1963ஆம் ஆண்டு வந்த 'அறிவாளி'யிலோ, வாய்த்துடுக்கான மனைவியைக் கணவன் அடக்குவதுதான் கதை. பானுமதியின் மிடுக்குக்காகப் பார்க்கலாம். வீட்டில் பின்பற்றத் தகாது. அடக்கப்பட்ட மனைவி பேசமாட்டாள். பேசாத வீடு எப்படி இருக்கும் என்பதை நாற்பது நாள் அனுபவித்தவன் நான்.

கடன் தீர்ந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும், "மன்னார் அண்ட் கம்பெனி!" என்று மற்றவர் குரல் கொடுத்தால் போதும், உண்மை வெளியே வந்துவிடும்.

இன்னும் ஒன்று. எங்கள் மகளுக்குப் பெயர் சூட்டிய அன்று, வீட்டுக்கார அம்மாளிடம் அந்தப் பழைய பொய்யை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அன்றைக்கே தெரியுமப்பா. கயிறு மாற்றியது சரி; உன் பெண்டாட்டி உள்ளங்கையில் கல்யாண மருதாணி சிவசிவவென்று இருந்ததே, அது ஒரு வருஷம் நிற்குமா?" என்றார்.

"தெரிந்துமா வீட்டைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு சாமர்த்தியமான பெண் இருக்கும் வீட்டில் வாடகை பாக்கி விழாது என்று நினைத்தேன்" என்றார்.

விழவும் இல்லை.