அப்பாவோட ஹேண்டில் பார்

உங்க வீட்டு வாசல்ல நிக்குதே பைக்... அதோட முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஹேண்டில் பாரை ஒரு தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க பாஸ். ஃபோர்க் அப்படியே நிக்க, ஹேண்டில் மட்டும் தனியா 'லொடக்'னு ஆடுதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். 'வைப்ரேஷன் ஐசொலேஷன்' பத்திப் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதி நல்ல மார்க் வேற வாங்கினவன். அப்பேர்ப்பட்ட ஆளு ஸ்டடி லீவுக்கு ஊருக்குப் போனப்போ, பால் வாங்க அப்பாவோட வண்டியை எடுத்தேன். முதல் வளைவுல பிரேக் பிடிச்சதும் ஹேண்டில் என் நெஞ்சுக்கு நேரா முன்னால போயிட்டு வந்துச்சு. வண்டி ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. பக்குனு ஆயிடுச்சு!

எங்க ஊரு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற வேலை. வெயில் ஏறிட்டா பால் ஒழுகுறது குறைஞ்சிடும். அதனால காலையில நாலு மணிக்கே தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு, அந்த வண்டியிலதான் போவாரு. இருட்டு, மேடு பள்ளம், போதாக்குறைக்கு மழை.

"எத்தனை நாளாப்பா இப்படி ஆடுது?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும் மக்கா. மெதுவாத்தானே போறேன்."

ஆறு மாசம் முன்னாடிதான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டினோம். அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

பக்கத்துல ஒரு ஒர்க் ஷாப்ல காட்டினப்போ, "கோன் செட்டு போச்சு, மொத்தமா மாத்தணும்"னு ஒரு பெரிய தொகை சொன்னாங்களாம். அங்கேதான் பாஸ் விஷயமே இருக்கு. கோன் செட் தேஞ்சா ஃபோர்க்கே ஆடும். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தரையில படாம தூக்கி, ஃபோர்க்கோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு இழுத்துத் தள்ளினா தெரிஞ்சிடும். நான் அப்படிப் பார்த்தேன். ஃபோர்க் கல்லு மாதிரி இருந்துச்சு. ஆடினது ஹேண்டில் மட்டும்தான். அப்படீன்னா புஷ்.

புஷ்னா ஒண்ணும் இல்ல, ரப்பர் வளையம். எங்க வண்டியில ஹேண்டிலைத் தாங்குற ரெண்டு ஹோல்டரும் ஃபோர்க்கோட மேல் பிளேட்டுல இறங்குற இடத்துல உட்கார்ந்திருக்கும். ஒத்தை சிலிண்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-ல ஓடுறப்போ பிஸ்டன் நொடிக்கு 100 தடவை மேலேயும் கீழேயும் போயிட்டு வருது. அந்த அதிர்வு நேரா கைக்கு வந்தா கை மரத்துப் போகும். அதைப் பாதியிலேயே முழுங்குறதுதான் இந்த ரப்பரோட வேலை. வெயில்லயும் எண்ணெய்லயும் வருஷக்கணக்கா கிடந்தா அது வெடிச்சு, நைஞ்சு போயிடும். எல்லா வண்டியிலயும் இந்த ரப்பர் இருக்காது. முதல்ல உங்க வண்டியில இருக்கான்னு பாத்துக்குங்க.

மார்த்தாண்டம் போய் செட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு பிரியாணி காசுதான். டேங்க் மேல அப்பாவோட பழைய சாரத்தைப் போட்டு மூடிட்டு, மேல் கிளாம்ப்போட நாலு போல்ட்டையும் கழட்டி, கேபிள் எதையும் பிடுங்காம ஹேண்டிலை அப்படியே டேங்க் மேல சாய்ச்சு வெச்சேன். (டிஸ்க் பிரேக் வண்டின்னா ஆயில் டப்பா தலைகீழாகாமப் பாத்துக்கணும்.) கழட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. எந்த ரப்பர் மேல, எந்த வாஷர் கீழன்னு அப்புறம் மண்டை காயும்!

பிளேட்டுக்கு அடியில இருந்த நட்டு ரெண்டும் துருப்பிடிச்சு அசையவே இல்ல. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டேன். அப்பா மறுநாள் வேலைக்கு நடந்தே போனாரு. நாலு கிலோ மீட்டர். எனக்குத் தூக்கமே வரல.

காலையில நட்டு சொன்னபடி கேட்டுச்சு. பழைய புஷ்ஷை பிளேடால கீறித்தான் எடுக்க முடிஞ்சது. புதுசை உள்ளே தள்ளுறதுக்கு கிரீஸ் டப்பாவை எடுத்தேன். அப்போதான் வேலை முடிஞ்சு வந்த அப்பா, "லேய், ரப்பர்ல கிரீஸ் தேய்க்காதே, ஊதிப் போவும். சோப்பு வெள்ளம் எடு"ன்னாரு. இருபது வருஷமா ரப்பரோட கிடக்குற மனுஷன்! சோப்புத் தண்ணி தொட்டதும் வழுக்கிக்கிட்டு உட்கார்ந்துச்சு.

அடுத்து நான் பண்ணின கூத்தை நீங்க பண்ணாதீங்க. அடி நட்டை முதல்லயே முழுசா முறுக்கிட்டேன். ரெண்டு ஹோல்டரும் ஆளுக்கொரு திசையில திரும்பி நிக்க, ஹேண்டில் உட்காரவே மாட்டேன்னுடுச்சு. மறுபடி லூஸ் பண்ணி, ஹேண்டிலை வெச்சு, மேல் கிளாம்ப்பை முறுக்கி, ஹோல்டர் நேரானதுக்கு அப்புறம்தான் அடி நட்டை இறுக்கணும்.

கடைசியா ஒண்ணு. இதை மட்டும் விட்டுடாதீங்க. வண்டியை நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாம ஹேண்டிலை இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் திருப்புங்க. இன்ஜின் சத்தம் தானா ஏறினா எங்கேயோ கேபிள் இழுபடுதுன்னு அர்த்தம். எனக்கு ஏறுச்சு! ஹெட்லைட்டுக்குப் பின்னால தப்பான பக்கம் போயிருந்த கேபிளை எடுத்து சரியா விட்டேன். அப்படியே விட்டிருந்தா இருட்டுல அப்பா ஒரு வளைவுல திரும்புறப்போ வண்டி தானா சீறியிருக்கும். நினைச்சாலே கை நடுங்குது.

மறுநாள் நாலு மணிக்கு வண்டி கிளம்புற சத்தம் கேட்டு நானும் எழுந்துட்டேன். படுக்கல. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தாரு. ஸ்டாண்ட் போட்டாரு. கை கழுவினாரு. கட்டஞ்சாயாவை முழுசாக் குடிச்சு முடிச்சாரு.

"எப்படிப்பா இருக்கு?"

"கிளட்ச்சு கொஞ்சம் டைட்டா இருக்கு. அதையும் பாரு மக்கா."