லேம்ப் டெஸ்ட்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை. பின்னறை மேசையில் சால்டரிங் அயர்ன், திருப்புளி, மல்டிமீட்டர், அந்த வாரம் வாங்கி வந்த 24 விளக்குப் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தோம். திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் அதிக தூரமில்லை. இப்போது கிளம்புவது எந்த ஊர் விமானம் என்று தெருவில் பாதிப் பேர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அன்று விஷயம் டிவியில்தான் தெரிந்தது. மாலை 5.40 மணியளவில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737 ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பேர். எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பதால், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது போன பாதை டிவித் திரையில் சிக்குக் கோலம்போலச் சுற்றிச் சுற்றி விழுந்தது. எங்கள் தெருவே மொட்டைமாடியில் நின்று தெற்கே பார்த்தது. எதிர்வீட்டு அம்மா சமயபுரத்தாளை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். 8.15 மணிவாக்கில் பத்திரமாக இறங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது ஏழாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த பைலட்டுக்கு முன்னாடி எந்த லைட்டுப்பா எரிஞ்சிருக்கும்? நம்ம காக்பிட்ல காட்டுங்க."

என்னால் காட்ட முடியவில்லை. பின்னறையில் இரண்டு வருடமாக ப்ளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் 737-800 காக்பிட்டை அளவு பிசகாமல் எழுப்பிவருகிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு இது கை, கால், முகம். அதில் அதுவரை பொருத்தியிருந்த பொத்தான்கள் எல்லாம் பேனல் போர்டுக்காரர்கள் வாங்கும் 22 மில்லிமீட்டர் வட்டப் பொத்தான்கள். கரன்ட் கொடுத்ததும் அத்தனையும் பளிச்சென்று எரியும். இருட்டில் பார்க்கத் திருவிழா சீரியல் செட் போல அழகாக இருக்கும். மகள் கேட்டபின்தான் உறைத்தது. எல்லாமே எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், புதிதாக எரியும் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

விமானத்தில் பொத்தானுக்குள் விளக்கை வைத்தது யார், எதற்காக என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் போனது வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்கு. "230-ஆ சார், 24-ஆ?" என்றார் கடைக்காரர். 5 வோல்ட் என்றேன். அவருக்கு அது புதிது. உள்ளேயிருந்த எல்.இ.டி. தொகுதியைக் கழற்றிக் காட்டினார். சாதாரண எல்.இ.டி., அதன் காலில் ஒரு ரெசிஸ்டர். அதை மாற்றினால் 5 வோல்ட்டிலும் எரியும். "அழுத்தினா நிக்கணுமா, விட்டா திரும்பணுமா?" என்று அடுத்த கேள்வி. இந்தக் கேள்வியில்தான் சிமுலேட்டர் கட்டுகிறவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். அழுத்தினால் நிற்கும் பொத்தான் கைக்கு நிறைவாக இருக்கும். ஆனால் ஒரு பயணத்தை நடுவில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் இன்னொன்றைத் தொடங்கினால் பொத்தான் உள்ளே அமுங்கியிருக்கும், விமானமோ அது வெளியே இருப்பதாக நினைக்கும். இருவர் சொல்லும் இரண்டு விதமாகிவிடும். விட்டால் திரும்பும் பொத்தானே சரி. அது ஒரு செய்தியை மட்டும் அனுப்பும். விளக்கு எரிவதா அணைவதா என்பதை விமானம் முடிவு செய்து திருப்பிச் சொல்லும். அதனால் பொத்தானுக்குப் போகும் கம்பி வேறு, விளக்குக்குப் போகும் கம்பி வேறு என்று பிரிந்திருக்க வேண்டும். வாங்கும்போது பின்பக்கம் நான்கு கால் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

நிறத்துக்கு அவரிடம் விடை இல்லை. "எங்க ஏரியால ஒருத்தர் இருக்கார், கேளுங்க" என்று ஐயப்ப நகரில் இருக்கும் ஒரு பெரியவரைச் சொன்னார். அனல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்துவிட்டார். என் பேனலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பச்சை எதுக்கு தம்பி எரியுது?"

"ஓடுதுன்னு அர்த்தம் சார்."

"எங்க இடத்துல சிவப்புதான் ஓடுது. பச்சைன்னா நின்னுருக்கு. பிரேக்கர் மூடியிருந்தா உள்ள கரன்ட் இருக்கு, கை வைக்காதேன்னு சிவப்பு. பச்சைன்னா தைரியமா கிட்ட போலாம்."

எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. நிறம் இயற்கையாக ஒன்றைச் சொல்வதில்லை. ஒவ்வொரு தொழிலும் தன் பயத்தை வைத்து அதற்கு அர்த்தம் கொடுத்திருக்கிறது. மின் நிலையத்துக்காரருக்குப் பயம் கரன்ட். ரயில்வே பேனலில் பாதை போட்டதும் வெள்ளைக் கோடு எரியும், அந்தத் தண்டவாளத்தில் வண்டி ஏறியதும் சிவப்பாகும். அவர்களுக்குப் பயம் ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டி. விமானத்தில் சிவப்பு என்றால் இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும், ஆம்பர் மஞ்சள் என்றால் கவனி, விரைவில் செய்ய வேண்டியிருக்கும். பச்சையை மிகச் சிக்கனமாகத்தான் செலவழிக்கிறார்கள்.

பெரியவர் அதோடு விடவில்லை. ஒரு தாளை வாங்கி, கட்டம் கட்டமாகப் போட்டார். அனன்சியேட்டர் ஜன்னல்கள். கன்ட்ரோல் ரூமில் தலைக்கு மேலே வரிசையாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோளாறின் பெயர் எழுதியிருக்கும். எல்லாம் நன்றாக ஓடும்போது ஒரு கட்டம்கூட எரியாது. கோளாறு வந்தால் அந்தக் கட்டம் மட்டும் விட்டுவிட்டு எரியும், ஹூட்டர் அலறும். 'அக்செப்ட்' பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்று, விளக்கு நிலையாக எரியும். பார்த்துவிட்டேன் என்று மனிதன் சொன்ன பதில் அது. கோளாறு சரியானபின் 'ரீசெட்' அழுத்தினால் மறுபடி இருட்டு.

"ராத்திரி ஷிஃப்ட்ல உள்ள நுழைஞ்சதும் மேல பார்ப்பேன். இருட்டா இருந்தா டீ குடிக்கலாம்" என்றார்.

அவர் வரைந்த தாளை என் 737 படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். விமானியின் கண்ணுக்கு நேராக, கண்ணாடிக்குக் கீழே, 'மாஸ்டர் காஷன்' என்று ஒரு ஆம்பர் பொத்தான். அதற்குப் பக்கத்தில் ஆறு சொற்கள் கொண்ட சின்ன விளக்குப் பலகை. விமானிகள் அதை 'சிக்ஸ் பேக்' என்கிறார்கள். இடது விமானிக்கு ஆறு, வலது விமானிக்கு வேறு ஆறு. எரிபொருள், மின்சாரம், கதவு, என்ஜின் என்று பிரிந்திருக்கும். ஹைட்ராலிக் வலப்பக்கத்தில். சாதாரண நேரத்தில் அத்தனையும் இருட்டு. ஹைட்ராலிக் பம்பு ஒன்றில் அழுத்தம் விழுந்தால், தலைக்கு மேல் உள்ள பேனலில் அந்தப் பம்புக்கான ஆம்பர் எரியும். கூடவே மாஸ்டர் காஷனும் சிக்ஸ் பேக்கில் ஹைட்ராலிக் என்ற சொல்லும் எரியும். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் இறக்கையின் அசையும் பாகங்களையும் சக்கரத்தையும் இயக்கும் எண்ணெயின் கதையை மூன்று சிறு விளக்குகள் சொல்லிவிடுகின்றன. மாஸ்டர் காஷனை அழுத்தினால் அது அணையும். பெரியவரின் 'அக்செப்ட்' இதுதான்.

காக்பிட்டுக்கு இருட்டு வந்த வழி பிடிபட்டது. அனன்சியேட்டர் என்ற சொல்லே விமானத்துக்கு முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓட்டல்களில் எந்த அறையிலிருந்து மணி அடித்தார்கள் என்று காட்டும் பலகைக்கு அந்தப் பெயர். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்பு வந்த எண்ணின் மூடி கீழே விழும், அப்புறம் அந்த இடத்துக்குச் சின்ன விளக்கு வந்தது. கூப்பிட்டால் மட்டும் எரியும்.

விமானத்தில் இந்த வழக்கம் அவசரத் தேவையானது காக்பிட்டில் ஆள் குறைந்தபோதுதான். பழைய 707, 747களில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் ஃப்ளைட் இன்ஜினியர் ஒருவர் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் கண் நாள் முழுக்க அந்த முள்களின்மீதே இருக்கும். இருவர் போதும் என்று அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் அமைத்த குழு 1981இல் சொன்னது. மூன்றாவது ஆள் பார்த்த வேலையை யாராவது பார்த்தாக வேண்டுமே. பொத்தானும் விளக்கும் ஒன்றானது அந்த நெருக்கடியில் வேகம் பிடித்தது. எந்த இடத்தில் கோளாறு தெரிகிறதோ அதே இடத்தில் விரலை வைக்கலாம். 747இன் பழைய ரகத்தில் விளக்கு, முள், சுவிட்ச் எல்லாம் சேர்த்து 971. 1988இல் பறந்த இருவர் ஓட்டும் 747-400இல் 365. ஏர்பஸ் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கியது. 1987இல் முதன்முதலாகப் பறந்த ஏ320இன் மேற்பேனலில் விளக்கு எரியாத பொத்தான்தான் சரியான பொத்தான். நிறுத்திவைத்தால் வெள்ளை, கோளாறு என்றால் ஆம்பர், தற்காலிகமாக ஒன்றை ஓட்டினால் நீலம்.

இந்தப் பொத்தான்களுக்கு விமானத் தொழிலில் 'கோரி' என்று பெயரே வந்துவிட்டது. சியாட்டிலில் 1937இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. எல்.இ.டி. வருமுன் இப்படிப்பட்ட பொத்தான்களில் ஒன்றுக்குள் நான்கு பல்புகள்கூட இருக்கும், அரிசி மணியைவிடப் பெரிது. ஒவ்வொன்றும் 28 வோல்ட், 0.04 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் பொத்தான் ஒன்றுக்கு நாலரை வாட். விரல் வைத்தால் சுடும். என் எல்.இ.டி. எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு வாட்.

எதற்கு நான்கு பல்பு? வெளிச்சம் சீராகப் பரவ என்றுதான் முதலில் நினைத்தேன். பாதிதான் சரி. மீதிக் காரணம், இருட்டை நம்புவதில் உள்ள ஓட்டை. கோளாறு இல்லாததாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம், பல்பு போனதாலும் எரியாமல் இருக்கலாம். இரண்டு இருட்டும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். ஒரு பல்பு போனாலும் மற்றவை எரியட்டும் என்றுதான் நான்கு.

1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்கவந்த லாக்ஹீட் எல்-1011 விமானத்தில் முன்சக்கரம் பூட்டிவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்புகள்தான் எரிந்துபோயிருந்தன. அந்த விளக்கைக் கழற்றுவதிலும் சக்கரத்தை எட்டிப் பார்ப்பதிலும் காக்பிட்டில் இருந்த எல்லோரும் மூழ்கியிருக்க, உயரத்தைப் பிடித்துவைக்கும் ஆட்டோபைலட் விடுபட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்துபோனார்கள். இதைப் படித்த அன்று நான் பின்னறைக்குள் போகவில்லை. சில ரூபாய் பெறுமானமுள்ள பல்பு என்று நான் கையில் உருட்டிக்கொண்டிருந்த பொருள் அது.

பழைய வட்டப் பொத்தான்களைக் கழற்றிவைத்துவிட்டு, சிக்ஸ் பேக்கை நானே செய்வதென்று உட்கார்ந்தேன். கடினமானது எழுத்து. எரியாதபோது எழுத்தே கண்ணில் படக் கூடாது. கேடயமும் பெயர்ப்பலகையும் செய்யும் கடையில் பால்நிற அக்ரிலிக்கை 2 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்து, லேசரால் எழுத்தை மட்டும் சுரண்டித் தந்தார்கள். எரியும்போது அருமை. அணைத்தால் வெள்ளை எழுத்து பல்லைக் காட்டியது. மூன்று தடவை பெயின்ட் மாற்றிப் பார்த்தும் போகவில்லை. கடைசியில் கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிமை மேலே ஒட்டினேன். அணைத்தால் கரும்பலகைதான், எரிந்தால் ஆம்பர் எழுத்து உள்ளேயிருந்து மேலேறி வருகிறது. ஒரு கட்டத்தின் வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குக் கசியாமலிருக்க நடுவில் கறுப்பு அட்டையால் தடுப்பு வைத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றுக்கு இரண்டாக எல்.இ.டி., இரண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர், தனித்தனி ஈயப்பற்று. ஒன்று போனாலும் மற்றது சொல்லும்.

சிக்ஸ் பேக்கை அழுத்தினால் எல்லாச் சொல்லும் ஒருசேர எரியும். விட்டால், உண்மையில் கோளாறு உள்ளது மட்டும் நிற்கும். விமானிகள் இதை 'ரீகால்' என்கிறார்கள். நடுப்பேனலில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்றும் உண்டு. மேலே தள்ளினால் டெஸ்ட், விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். நடுவில் பிரகாசம், கீழே மங்கல். இந்த ஒரு சுவிட்சுக்கு, பொத்தான்களையும் விளக்குகளையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் நிரல் எழுத எனக்கு இரண்டு ஞாயிறு ஆயின.

எல்லாம் முடிந்து மகளைக் கூப்பிட்டு, அறை விளக்கை அணைத்தேன். என்ஜின் ஓடுகிறது, பத்தாயிரம் அடி, எதிரே இருட்டு. அவள் கம்ப்யூட்டர் பக்கம் போய் ஹைட்ராலிக் பம்பைச் செயலிழக்க வைத்தாள். கண்ணுக்கு நேரே மாஸ்டர் காஷன் எரிந்தது. வலப்பக்கம் ஹைட்ராலிக். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு ஆம்பர்.

"இதுதானாப்பா அன்னிக்கு?" என்றாள், குரலைத் தாழ்த்தி. மாஸ்டர் காஷனை அவளையே அழுத்தச் சொன்னேன். மெதுவாக அழுத்தினாள்.

அடுத்த ஞாயிறு பெரியவர் வந்தார். இருட்டான பேனலைப் பார்த்துப் பாராட்டுவார் என்று நின்றேன். நாற்காலியில்கூட உட்காராமல், "லேம்ப் டெஸ்ட் போடு முதல்ல" என்றார். சுவிட்சை மேலே தள்ளினேன். அறை முழுக்க ஆம்பரும் சிவப்புமாக நிறைந்தது. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் போனார். சக்கரத்துக்கான மூன்று பச்சையில் நடுவில் இருந்தது, முன்சக்கரத்துடையது, ஒரு பக்கம் மங்கலாக இருந்தது. இரண்டில் ஒரு எல்.இ.டி. எரியவில்லை.

சால்டரிங் அயர்னை ப்ளக்கில் சொருகினேன். அது சூடாகும்வரை பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.