அச்சமூட்டும் படங்களும் அஞ்ச வேண்டியவையும்



ஜின் இனத்தைப் பற்றிய பாடம் தொடங்கும் நாளில், மக்தப் பிள்ளைகள் முன்பெல்லாம் "ஜின் எங்கே வசிக்கும், ஹஜ்ரத்?" என்று கேட்பார்கள். இப்போது "அந்தப் படத்தில் வந்ததே, அதுபோலவா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை துருக்கிப் படமொன்றின் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, கண் இமைக்காமல் விவரிக்கிறது. படத்தில் இருப்பது இன்னதென்று அறியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது.

அந்தத் தேவையிலிருந்து உருவானதுதான் எங்கள் சிறு வட்டம். மதரஸா ஆசிரியராகிய நாமும், பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பரும், மருந்துக் கடை வைத்திருப்பவரும், வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பியவருமாக நால்வர். மாதம் ஒருமுறை, இஷாத் தொழுகைக்குப் பின் கூடுவோம். திரைப்படம் பார்ப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே நீண்ட பேச்சு உண்டு. அந்த விவாதத்திற்குள் இங்கே நாம் நுழையவில்லை. ஆபாசம் கலந்த படங்களை நாங்கள் தொடுவதில்லை. பிள்ளைகள் அறையில் இருக்கமாட்டார்கள். படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும்: இந்தப் படம் எதற்கு அஞ்சச் சொல்கிறது? அந்த அச்சத்திலிருந்து மீள வழி என்று எதைக் காட்டுகிறது? பார்த்து முடித்தபின் நம் உள்ளத்தில் எஞ்சியிருப்பது என்ன?

தமிழில் வந்த பேய்ப் படங்களை இக்கேள்விகளால் அளந்தபோது ஒரு பொதுத்தன்மை தென்பட்டது. 2011இல் வந்த 'காஞ்சனா', 2014இல் வந்த 'அரண்மனை' ஆகிய இரண்டிலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் ஆவி திரும்பி வந்து பழி தீர்க்கிறது. நீதி கிடைக்காதவருக்கு நீதி வேண்டும் என்னும் ஏக்கம் அக்கதைகளின் அடியில் இருக்கிறது. அந்த ஏக்கத்தை நாங்கள் இகழவில்லை. ஆனால் இறந்தவரின் ஆன்மா இவ்வுலகில் அலைவதில்லை, அது பர்ஸக்கில் இருக்கிறது, ஜின் என்பதோ தனியாகப் படைக்கப்பட்ட வேறோர் இனம் என்பது நம் நம்பிக்கை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளை, பாட்டனாரின் மரணத்திற்குப் பின் அவருடைய அறைக்குள் நுழைய அஞ்சுகிறது. நாம் பார்த்திருக்கிறோம். துஆச் செய்து நினைவுகூர வேண்டிய பாட்டனாரை அந்தப் பிள்ளை பேயாக்கி வைத்திருக்கிறது.

எங்களை நெடுநேரம் பேசவைத்த படம் 2016இல் வெளிவந்த 'அண்டர் தி ஷேடோ'. பாபக் அன்வரி இயக்கிய பாரசீக மொழிப் படம். ஈரான்–இராக் போர் நடந்த காலத்தில், ஏவுகணைகள் விழும் தெஹ்ரானில் ஒரு தாயும் சிறுமியும் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கிறார்கள். கணவர் மருத்துவர், போர்முனைப் பணிக்கு அழைக்கப்பட்டுச் சென்றுவிட்டார். வெடிக்காத ஏவுகணை ஒன்று அந்தக் கட்டடத்தில் விழுந்த பிறகு சிறுமியின் பொம்மை காணாமற்போகிறது. காற்றோடு ஜின் வரும் என்ற பேச்சு வீடு முழுவதும் பரவுகிறது.

வளைகுடாவிலிருந்து திரும்பிய நண்பர், "ஹஜ்ரத், இதில் ஜின்னை எடுத்துவிட்டாலும் எனக்குப் பயம் குறையவில்லையே" என்றார். உண்மைதான். அபாயச் சங்கு ஒலித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடும் தாய் எதற்கு அஞ்சவேண்டும் என்று எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிந்த பேரச்சத்தைச் சொல்ல இயலாத மனம், கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மீது அதை ஏற்றிவிடுகிறது என்று நாங்கள் அப்படத்தைப் புரிந்துகொண்டோம். அரபியில் ஜீம், நூன், நூன் என்ற மூலத்திற்கு மறைந்திருத்தல் என்பது பொருள். ஜின், கருவில் மறைந்திருக்கும் ஜனீன், அறிவு மறைந்த நிலையாகிய ஜுனூன் யாவும் அதே வேரில் பிறந்தவை. இதனை நாம் சொன்னபோது இயற்பியல் ஆசிரியர், "அப்படியானால் மறைந்திருப்பவை எல்லாம் ஒரே பொருள் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்றார். அந்த எச்சரிக்கையை நாம் பாடத்தில் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்தது மலேசியாவில் 2016இல் வந்த 'முனாஃபிக்'. சம்சுல் யூசுஃப் இயக்கி, தாமே நடித்தது. ஓதிப் பார்த்து நோய் நீக்கும் ஆதம் என்பவர், விபத்தில் மனைவியை இழந்து துயரில் மூழ்கிக் கிடக்கிறார். அந்நிலையில் மரியா என்ற பெண்ணுக்கு ஓதிப் பார்க்க அழைக்கப்படுகிறார். ஓதுகிறவரும் உடைந்துபோகக்கூடிய மனிதரே என்று காட்டியதை நாங்கள் பாராட்டினோம். நயவஞ்சகன் என்ற பொருள்படும் தலைப்பும், பார்ப்பவரின் கவனத்தை ஜின்னிடமிருந்து மனிதனின் உள்ளத்திற்குத் திருப்புகிறது. குறை ஒன்று உண்டு. திருவசனங்கள் ஓதப்படும்போதெல்லாம் அலறலும் இரைச்சலுமாகத் திரை அதிர்கிறது. ஆயத்துல் குர்ஸியைக் கேட்டால் மனம் அமைதியடைய வேண்டும். அதை அச்சக் காட்சியின் பின்னணி ஒலியாகக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, வீட்டில் வாப்பா ஓதும்போது எந்தக் காட்சி நினைவுக்கு வரும்?

ஜென்னிஃபர் கென்ட் 2014இல் இயக்கிய ஆஸ்திரேலியப் படமான 'தி பாபடூக்' முற்றிலும் வேறு வகை. பிரசவத்திற்காக மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில் கணவர் விபத்தில் இறந்துவிடுகிறார். பிறந்த மகனை அந்தக் கைம்பெண் தனியாளாக வளர்க்கிறாள். படக்கதைப் புத்தகம் ஒன்றிலிருந்து கொடிய உருவம் வீட்டிற்குள் வருகிறது. இறுதியில் அது அழிவதில்லை. நிலவறையில் அடங்கிக் கிடக்க, அவள் அதற்கு உணவிட்டு வருகிறாள். அழாத துயரம்தான் அந்த உருவம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. மருந்துக் கடை நண்பர் வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நம் தெருவில் இத்தா முடிந்த பெண்ணிடம் அதற்குப் பிறகு யார் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறோம்?" என்றார். எங்களில் எவரிடமும் விடை இல்லை.

இவற்றையெல்லாம் எழுதத் தூண்டியது வேறொரு நிகழ்வு. சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் தம் மகளுக்கு ஓதிப் பார்க்க வேண்டும் என்று நம்மிடம் வந்தனர். பதினான்கு வயதுப் பெண். வலிப்பு நோய்க்கு இரண்டாண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வந்தவள். உறவினர் ஒருவர் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கண் மேலேறுவதும் கை முறுக்கிக்கொள்வதும் அப்படியே இவளுக்கும் இருக்கிறதே, இது ஜின்னின் வேலை என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை நிறுத்தி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. தாய் அழுதுகொண்டே, "மருந்து உள்ளே இருந்தால் ஓதுவது பலிக்காதாமே, ஹஜ்ரத்" என்று கேட்டார்.

நாம் அந்தப் பெண்ணுக்கு ஓதினோம். ஓதி முடித்ததும் மருந்துக் கடை நண்பரை அழைத்தோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் தந்தைக்கு விளக்கினார். அன்று மாலையே அவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம். புறப்படுமுன், வலிப்பினால் துன்புற்ற பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்த செய்தியை அத்தாய்க்குச் சொன்னோம். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் நலம் வேண்டி துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் கூற, அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார், நபியவர்களும் அவ்வாறே துஆச் செய்தார்கள். சபையில் எவரும் அவரை விலக்கவில்லை, அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. அவரைச் சுவனத்துப் பெண்மணி என்றே இப்னு அப்பாஸ் (ரலி) பிற்காலத்தில் சுட்டிக் காட்டினார்கள். நோய்க்கு மருந்தையும் இறைவன் இறக்கியிருக்கிறான் என்று கற்பித்ததும் அதே நபியவர்களே. ஓதுதலும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை நம் மாநிலம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் கூடாதென்று தடுக்கிறது. எந்தப் பேய்ப் படத்தைப் பார்க்கும்போதும் எங்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் ஏர்வாடியை நினைவூட்டிவிடுகிறார். அங்கே நடந்ததற்கு எந்த ஜின்னின்மீதும் பழி சுமத்த முடியாது.

ஷைத்தானுக்கு அழைப்பதைத் தவிர மனிதர்மீது வேறு அதிகாரம் இருக்கவில்லை என்பதை, மறுமையில் அவனே ஒப்புக்கொள்வதாகச் சூரா இப்ராஹீம் கூறுகிறது. ஜின்களிடம் பாதுகாவல் தேடிய மனிதர்கள் அதனால் மேலும் கேட்டையே அடைந்தார்கள் என்பது சூரா ஜின்னின் செய்தி. ஜின் உண்டு என்று நம்புவது நம் ஈமானைச் சேர்ந்தது. எல்லாவற்றிலும் ஜின்னைக் காண்பது அதைச் சேர்ந்ததன்று.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளை அச்சமூட்டும் படம் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் திட்டாதீர்கள். என்ன பார்த்தாய், எது பயமாக இருந்தது என்று கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துப் பார்க்கும்; பயத்தையும் மறைத்துக்கொள்ளும். சோறு உண்ண மறுக்கும் பிள்ளையை ஜின் வந்து பிடிக்கும் என்று மிரட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்பது விளையாட்டுக்கும் பொருந்தும் நபிமொழி. உறங்குமுன் ஆயத்துல் குர்ஸியையும் கடைசி மூன்று சூராக்களையும் பொருளுடன் சொல்லிக்கொடுத்து, நீங்களும் உடன் அமர்ந்து ஓதுங்கள். வலிப்பு, தனக்குத்தானே பேசுதல், நாட்கணக்கில் உறக்கமின்மை இவை தென்பட்டால் ஓதுங்கள். அதே நாளில் மருத்துவரிடமும் செல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், ஓதுகிறவர் சொன்னாலும்கூட.

அந்தப் பெண் இப்போது மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், வகுப்புக்கும் வருகிறாள். சென்ற வாரம் சூரா ஜின்னை மனப்பாடம் செய்யத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய நலத்திற்காகத் தங்கள் துஆக்களில் ஓர் இடம் தாருங்கள். வஸ்ஸலாம்.