பரணிலிருந்து இறங்கிய டிரம் செட்

பாட்டி காலத்து வெண்கல உருளியை எப்படிப் பாதுகாப்பது, பழைய பட்டுப் புடவையை எப்படி மடித்து வைப்பது என்றெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். பழைய டிரம் செட்டைப் பற்றி யாராவது பேசியிருக்கிறோமா? "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! துடைப்பது, காய வைப்பது, எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ணுவது என்று நாம் தினமும் செய்கிற வேலைகள்தான் அதற்கும் வேண்டியிருக்கின்றன. அதில் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம்.

என் மாமனார் பகலில் ரயில்வே குமாஸ்தா. இரவில் மெல்லிசைக் குழுவில் டிரம்மர். 1970களில் கல்யாணம், திருவிழா எதுவானாலும் மெல்லிசைக் கச்சேரி இருக்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்ட பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் ஒருவரிடமிருந்து, 1969ல் இந்த டிரம் செட்டை வாங்கினாராம். 1922ல் லண்டனில் தொடங்கப்பட்ட பிரிமியர் கம்பெனியின் தயாரிப்பு. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார்கூட 1963ல் அமெரிக்க லுட்விக் டிரம்முக்கு மாறும் வரை பிரிமியர்தான் வாசித்தார் என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பெருமைக்கு அடகுக் கடைக்குப் போனது என் மாமியாரின் இரட்டை வடச் சங்கிலி! அது திரும்பி வர நாலு வருஷம் ஆயிற்று. டிரம் செட் என்றாலே அத்தையின் முகம் ஏன் மாறும் என்று இப்போது புரிகிறதல்லவா?

2021ல் மாமா காலமானார். மறு வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய சாமான்காரர் வந்து பார்த்தார். "தட்டு நாலையும் பித்தளை விலைக்கு எடுத்துக்கறேம்மா. மீதியெல்லாம் விறகுதான்" என்றார்.

"குடுத்துடு. எத்தனை வருஷமா எடத்தை அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றார் அத்தை.

"பாட்டி, எனக்கு வேணும்" என்றாள் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள்.

இருவருக்கும் நடுவில் நான்! கணவரைப் பார்த்தால், "நீ பார்த்து எது செஞ்சாலும் சரி" என்று நழுவிவிட்டார்.

முதலில் ஒரு வாத்தியக் கடைக்காரரைக் கேட்டேன். மேலே ஒட்டியிருக்கும் முத்துப் பளபளப்பு ஷீட்டை உரித்து, மரத்தை இழைத்து, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். மனசு ஒப்பவில்லை. மாமாவோடு வாசித்த வயதான கலைஞர் ஒருவரைத் தேடிப் போனேன். "தேய்மானம் வேற, வயசு வேற அம்மா. தேஞ்சதை மாத்து. வயசானதைத் தொடாதே" என்றார். அடித்து அடித்துத் தேயும் தோல், ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் சுருள் கம்பி, ஃபெல்ட் வளையம் இவற்றை மாற்றலாம். மரம், ஷீட், கம்பெனி வில்லை, திருகாணிகள் இவை அப்படியே இருக்க வேண்டும். பழைய டிரம் செட்டுக்கு மதிப்பே அதில்தான் இருக்கிறது.

வேலையை ஆரம்பித்தோம். எந்த ஆணி எங்கே இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டிரம்மின் ஆணியையும் பழைய அஞ்சறைப் பெட்டியில் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டோம். பரண் தூசியையும் எலிப்புழுக்கையையும் உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. முகத்தில் மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வீசிங் தொல்லை உள்ள குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

குரோம் வளையங்களில் துருப் புள்ளிகள் இருந்தன. சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் துரு போகிறது. அலுமினியம் குரோமைவிட மிருது என்பதால் கீறல் விழாது. பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஆணி மரைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம்.

ஷீட்டுக்கு லேசான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஆகாது. அந்தக் காலத்து ஷீட்களில் பல செல்லுலாய்ட் வகை, சட்டென்று தீப்பற்றும். ஆயுத பூஜை அன்று பக்கத்தில் கற்பூரம் ஏற்ற வேண்டாம்.

தட்டுகளைத் தேய்க்க அத்தையே புளியோடு வந்துவிட்டார்! நல்ல சிம்பல் பித்தளை அல்ல, வெண்கலம். நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் என்பது பெயர் பெற்ற கலவை. புளி பட்டால் கம்பெனி முத்திரையும் அழியும், வருஷக்கணக்கில் ஏறிய பழுப்பு நிறமும் போகும். அந்தப் பழுப்பு ஏறிய தட்டின் நாதம் கனிவாக இருக்கும் என்று பல கலைஞர்கள் விரும்புகிறார்கள். வெள்ளீயம் அதிகமாதலால் விளிம்பு தரையில் மோதினால் விரிசல் விடும், ஜாக்கிரதை.

தோலைக் கழற்றிய பிறகு, அது உட்காரும் மர விளிம்பைச் சோதித்தோம். டிரம்மைச் சமமான கிரானைட் மேடையில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைப் போட்டு, விளக்கை அணைத்தோம். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே விளிம்பு சமமில்லை. எங்களுடையதில் ஒன்று மட்டும் கசிந்தது. அந்தப் பெரியவரே சரிசெய்து தந்தார். புதுத் தோல் வாங்குமுன் அளவு எடுங்கள். 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிமியர் டிரம்களில் சில, இன்றைய பொது அளவுக்கு இம்மி வித்தியாசப்படும். அதற்கென்று சொல்லித்தான் வரவழைக்க வேண்டும்.

பெரிய பேஸ் டிரம்மைத் திறந்தபோது, உள்ளே சுருட்டி வைத்த துணி ஒன்று இருந்தது. சத்தம் 'டங்' என்று நீளாமல் 'தும்' என்று அடங்குவதற்காக டிரம்மர்கள் துணியோ தலையணையோ வைப்பது வழக்கம். இது பச்சைச் சுங்குடிப் புடவை.

அத்தை அதை வாங்கிப் பிரித்தார். "இதைப் பாத்திரக்காரன்கிட்ட போட்டுத்தான் எவர்சில்வர் தூக்கு வாங்கினேன்னு உன் மாமா சொன்னாரே! அப்போ தூக்கைக் காசு குடுத்தா வாங்கினாரு? திருட்டு மனுஷன்!" என்றார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கிலிக் கதையை அன்று அவர் எடுக்கவேயில்லை.

புடவையை அவரே அலசி, நிழலில் உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்தார். "அது இருந்த எடத்துலயே வையி" என்றார். விற்கிற பேச்சு அதோடு நின்றது.

இப்போது செட் கூடத்து மூலையில் இருக்கிறது. வெயிலும் மழை ஈரமும் படும் சுவரை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறேன். பாலிதீன் போட்டால் உள்ளே ஈரம் வியர்க்கும் என்பதால், பருத்திப் போர்வைதான்.

"பொம்பளைப் புள்ளைக்கு டிரம்ஸா?" என்று கேட்ட உறவினர்களுக்கு வயோலா ஸ்மித் கதையைச் சொல்கிறேன். 1912ல் அமெரிக்காவில் பிறந்த அந்த டிரம்மர், பெண் கலைஞர்களுக்கும் வாய்ப்புக் கொடுங்கள் என்று 1942லேயே பத்திரிகையில் எழுதியவர். 2020ல், 107 வயதில்தான் மறைந்தார்!

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. டிரம் சத்தம் சாதாரணமாக 100 டெசிபலைத் தாண்டும். தொடர்ந்து கேட்டால் காது நரம்பு பாதிக்கும், போன கேட்கும் திறன் திரும்பாது. வெறும் பஞ்சு போதாது. வாசிக்கும்போது மகளுக்குக் காதை முழுவதும் மூடும் கவசம் உண்டு. தினமும் அரை மணிதான். பேத்தி வாசிப்பதைக் கேட்க உட்காரும் அத்தைக்கும் ஒரு கவசம் வாங்கியிருக்கிறேன். "இதைப் போட்டா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்று சண்டை போடுகிறார்!

உங்கள் வீட்டுப் பரணிலும் தபலாவோ ஹார்மோனியமோ தூசி படிந்து கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்களேன்!