கலமும் அச்சும்

தமிழ் பயிலும் மாணாக்கனுக்குக் கணினிக் காவலில் யாது வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கடந்த ஆண்டு மாலை வேளைகளில் ஒரு நிலையத்தின் கணினி அறையில் யான் உதவியாளனாய் இருந்தேன். அங்கு யான் இழைத்த பிழையொன்றை மறையாது உரைப்பின் பிறர்க்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

அந்நிலையத்தில் மின்னஞ்சல், புத்தகசாலை, சம்பளக் கணக்கு ஆகிய யாவற்றினுள்ளும் ஒரே கடவுச்சொல்லால் நுழையலாம். இம்முறையைச் சிங்கிள் சைன்-ஆன் என்பர். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த கீகிளோக் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே அமைந்தவை. இதன் நன்மை வெளிப்படை. தீமையும் அதனுள்ளேயே உண்டு. தலைவாயிலின் தாழ் பழுதுற்றால் உள்ளறைகள் அனைத்தும் திறந்து கிடக்குமன்றோ?

இத்தகைய மென்பொருள் பெரும்பாலும் கன்டெய்னர் என்னும் கலத்துள் இயங்கும். அக்கலமோ இமேஜ் என்னும் அச்சிலிருந்து வார்க்கப்படுவது. அச்சினுள் அடியில் லினக்ஸின் பகுதிகளும், அதன்மேல் ஜாவாவும், அதற்கும் மேல் மென்பொருளும் அடுக்கடுக்காய் அமைந்திருக்கும். எவ்வடுக்கில் ஓட்டை விழுந்தாலும் ஆபத்தே. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் சிறியதொரு ஜாவா நிரல்தொகுதியில் வெளிப்பட்ட பிழை, அபாய அளவில் 10-க்கு 10 பெற்றது. தம் மென்பொருளுள் அது மறைந்திருந்ததை அறியாதிருந்தோர் பலர்.

ஒருநாள் எங்கள் கலத்தில் இருந்த ஜாவா கோப்பு ஒன்று பழுதுடையது என்னும் எச்சரிக்கை வந்தது. யான் அக்கலத்தினுள்ளேயே புகுந்து, பழைய கோப்பை நீக்கிப் புதியதை வைத்து, "சரிசெய்துவிட்டேன், ஐயா" என்று மேலாளரிடம் பெருமிதத்துடன் அறிவித்தேன். மறுநாளே வேறொரு காரணம்பற்றி அக்கலம் அகற்றப்பட்டு, அச்சிலிருந்து புதுக்கலம் வார்க்கப்பட்டது. அச்சு பழையதே, ஆகலின் பழுதும் அதனோடு மீண்டது. ஒரு வாரம் கழிந்தே யான் அதனைக் கண்டேன்.

ஒருவரும் அறியார், இரவோடிரவாய்த் திருத்திவிடலாமே என்று மனம் ஆசை காட்டிற்று. ஆனால் அவ்வொரு வாரத்தில் அயலார் எவரேனும் நுழைந்தனரா என்று பதிவேடுகளை ஆராய்வது எங்ஙனம்? யான் வாய் மூடின் அவ்வாராய்ச்சிக்கும் வழி மூடப்படும். நடுக்கத்துடன் சென்று உண்மையைக் கூறினேன். மேலாளர் சினந்திலர். "தம்பி, கலத்தில் ஒட்டுப் போட்டால் நில்லாது, அச்சையே மாற்ற வேண்டும்" என்றார்.

பதிவேடுகளை இருவரும் நள்ளிரவுவரை ஆராய்ந்தோம். தீயோர் நுழைந்த சுவடு காணப்படவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். திருத்திய புதிய அச்சைத் தருவித்து, சோதித்து, அதிலிருந்து கலத்தை வார்த்து, பழைய அச்சை அழித்தோம்.

அன்றுமுதல் ஜெபவேளையில் என் குறைகளை எண்ணும்போதெல்லாம் அவர் சொல் நினைவிற்கு வருகின்றது. புறச்செயலைத் திருத்தி, உள்ளத்தைப் பழையபடியே வைத்திருப்போமாயின், மறுநாள் அப்பிழையே மீண்டும் எழும். மனந்திரும்புதல் என்பது கலத்திற்கு இடும் ஒட்டன்று; அச்சையே புதிதாக்குதல்.