அத்திபெலேயிலிருந்து தேசநலன்

பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஒசூருக்கு முந்தைய எல்லை ஊர் அத்திபெலே. 2016 செப்டம்பரில் காவிரி நீர் குறித்து உச்சநீதிமன்றம் ஆணையிட்டதை அடுத்துக் கலவரம் மூண்டது. பேருந்துகள் நின்றுபோக, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு இவ்வெல்லையை நடந்தே கடந்தனர். மாநிலத்தின் இசைவின்றி நீரைப் பங்கிடுவது எத்துணைக் கடினம் என்பதை அத்திபெலே அன்று கண்டது.

அண்டை நாட்டோடு பங்கிடும் ஆற்றுக்கும் இது பொருந்தும். வெளியுறவு ஆய்வு நிறுவனங்களோ இதை அரிதாகவே எண்ணுகின்றன. 1943இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியப் பேரவை, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் குடைக்கீழ் வந்துவிட்டது. 2009இல் தொடங்கப்பட்டுப் பெங்களூரில் இயங்கும் தக்‌ஷசீலா நிறுவனம் அரசு சாராதது. இத்தகைய நிறுவனங்கள் தேசநலனை நோக்கமாக முன்வைக்கின்றன. அந்நலனுக்குள் மாநிலம் எங்கே நிற்கிறது? தில்லிக்கு வெளியே இருக்கும் நிறுவனமேனும் இவ்வினாவைத் தன் ஆய்வின் நடுவில் வைக்க வேண்டும்.

மாநிலப் பட்டியலிலுள்ள பொருளாயினும், பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டமியற்றலாம் என்கிறது அரசமைப்பின் 253ஆம் உறுப்பு. ஏட்டளவில் சரிதான். 2011இல் மம்தா பானர்ஜி மறுத்ததும், டாக்காவில் தீஸ்தா உடன்பாடு கையெழுத்தாகவில்லை. 1996இன் கங்கை நீர் உடன்பாட்டுக்கோ, அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவே டாக்கா சென்று பேசி வழிவகுத்தார். அந்த முப்பதாண்டு உடன்பாட்டின் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது.